பூஜையில் புகுந்த கரடி

அண்ணன் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஐந்து பையன்கள். மேஜை மேல் தட்டு, டம்ளர் எதுவும் இல்லை. காகிதங்கள், பென்சில், பிரித்துப் போட்ட சிப்ஸ் பாக்கெட், நாலு முகத்தில் ஆரம்பித்து இருபது முகம் வரை விதவிதமான பகடைகள். “சீட்டுக் கச்சேரியா?” என்றேன். “டி அண்ட் டி, சித்தப்பா. சத்தம் போடாம உக்காருங்க, கோப்ளின் வந்துட்டிருக்கு” என்றான். உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளிவந்த ஆட்டம். இதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஒருவர் கதை சொல்கிறார்; அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். கதாகாலட்சேபத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நடுவில் எழுந்து, “ராமன் இப்ப மானைத் துரத்தப் போகலை, வீட்லயே இருக்கான்” என்று சொல்ல அனுமதித்தால் எப்படியிருக்கும்? அதுதான். சந்தேகம் வருகிற இடத்தில் பகடை தீர்ப்பு சொல்லும்.

அன்றைக்கு நாலு பாத்திரங்கள். இரண்டு பேரை மட்டும் கவனியுங்கள். ஒருவன் போர்வீரன். காசை எண்ணி எண்ணிக் கேடயம் வாங்கி, வாசலை மறித்துக்கொண்டு, “என்னைத் தாண்டி ஒருத்தனும் உள்ள வரக் கூடாது” என்றான். வசனம் நன்றாகவே இருந்தது. இன்னொருவன் ட்ரூயிட். பழைய கெல்டிக் பூசாரிகளிடம் பெயரை இரவல் வாங்கிய பாத்திரம். மந்திரம் போடும், மிருகமாக உருமாறும். அவன் முறை வந்ததும், “நான் கரடி” என்றான். இரண்டே வார்த்தை. அப்புறம் கோப்ளின்களும் இல்லை, வசனமும் இல்லை. கரடி எல்லாரையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டது. வீரன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

சிவபூஜையில் கரடி புகுந்ததைப் பழமொழியாகக் கேட்டிருக்கிறேன். நேரில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த ஞாயிறு அந்த வீரன் வரவில்லையாம்.

இந்தக் கட்டுரை அவன் ஏன் வரவில்லை என்பதைப் பற்றி.

கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பயப்படாதீர்கள், கூட்டல்தான். அவர்கள் ஆடியது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. இதில் எல்லாருக்கும் 'ஹிட் பாயின்ட்' உண்டு. உயிர்ப் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அடி விழ விழக் குறையும், பூஜ்யமானால் விழுவீர்கள். இரண்டாம் லெவலில், சுமாரான உடல்வாகுள்ள போர்வீரனுக்கு 20 புள்ளி. அதே உடல்வாகுள்ள ட்ரூயிட்டுக்கு 17. சரி, வீரன் கொஞ்சம் கெட்டி, பூசாரி கொஞ்சம் மெலிசு, நியாயம்தான். ஆனால் சந்திர வட்டம் என்ற பிரிவைச் சேர்ந்த ட்ரூயிட் பழுப்புக் கரடியாக மாறலாம். கரடிக்குத் தனியாக 34 புள்ளி. கரடி விழுந்தால் உள்ளே இருக்கும் ஆசாமி தன் பழைய 17 புள்ளியோடு எழுந்து வருவார். போதாதென்று, ஓய்வெடுப்பதற்குள் இன்னொரு தடவை கரடியாகலாம். 34-ம் 34-ம் 17-ம் சேர்த்தால் 85. வாசலை மறித்து நிற்கும் வீரனுக்கு 20. இப்போது சொல்லுங்கள், வாசலில் யார் நிற்க வேண்டும்?

இன்னொரு வேடிக்கை. ஐந்தாம் லெவலில் வீரன் ஒரே முறையில் இரண்டு தடவை வெட்டக் கற்றுக்கொள்வான். கரடி அதே கரடியாகவே இருக்கும். அப்போது கொஞ்சம் சமமாகும். பிறகு இருபதாம் லெவலில் ட்ரூயிட்டுக்கு உருமாற்றம் கணக்கில்லாமல் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 126 புள்ளியுள்ள, யானைக்கு உறவான மாமத் ஆகலாம், அடிபட்டால் மறுபடி புது மாமத். சாகவே மாட்டார். ஆரம்பத்தில் அதிகம், நடுவில் அளவு, முடிவில் அக்கிரமம். சமையலில் இப்படி உப்புப் போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கரடிப் பையன் மேல் தப்பில்லை. புத்தகத்தில் இருப்பதைத்தான் செய்தான். தப்பு விதியில் இருக்கிறது. அதுவும் அறியாமல் நேர்ந்த தப்பு இல்லை. ஐம்பது வருஷமாக இந்த ஆட்டத்தை எழுதுகிறவர்கள் இதே கரடியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

உருமாற்றத்தில் அப்படி என்ன சிக்கல்? வாள் வாங்கினால் வாள். அது வெட்டும், அவ்வளவுதான். உருமாறும் சக்தி வாங்கினால் ஒரு மிருகக்காட்சிசாலையே வாங்கின மாதிரி. பறக்கணுமா, கழுகு. நீந்தணுமா, சுறா. ஒளிந்துகொள்ளணுமா, எலி. கம்பெனி புதிதாக ஒரு விலங்குப் புத்தகம் போட்டால் வீரனுக்கு எந்த லாபமும் இல்லை. ட்ரூயிட்டுக்குச் சொத்து சேர்கிறது. இதைவிட முக்கியமானது ஒன்று. அந்தப் புத்தகங்களில் விலங்குகளுக்கு எழுதியிருக்கும் எண்கள் எதிரிக்காக எழுதியவை. எதிரி வருவான், இரண்டு மூன்று சுற்று தாக்குப்பிடிப்பான், சாவான். அதற்குத் தோதாக அவனுக்கு உயிரைத் தாராளமாகக் கொடுத்திருப்பார்கள். சாவதற்காகத் தைத்த சட்டையை வாழ வேண்டியவனுக்கு மாட்டிவிட்டால் லூஸாகத்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் இவ்வளவு மோசமில்லை. 1978-ல் வந்த விதிப் புத்தகத்தில் ட்ரூயிட் ஏழாம் லெவலை எட்டிய பிறகுதான் உருமாறலாம். ஒரு நாளைக்கு ஊர்வன ஒரு தடவை, பறவை ஒரு தடவை, பாலூட்டி ஒரு தடவை. உடம்பு மிருகத்துடையது, மனசும் உயிர்ப் புள்ளியும் சொந்தம். அதாவது கரடியை அடித்தால் வலி ஆசாமிக்கு. மாறும்போது பட்ட காயத்தில் கொஞ்சம் ஆறும், அது சின்ன போனஸ். எவ்வளவு எளிமையான, எவ்வளவு சரியான விதி என்று இப்போது திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது.

அதே புத்தகத்தில் மற்றவர்களை உருமாற்றும் மந்திரம் ஒன்றும் இருந்தது. அதற்கு ஆளானவர் அதிர்ச்சியிலேயே செத்துப் போகலாம். பிழைத்தாலும், நாளாக ஆக மனசும் மிருக மனசாக மாறிவிடும் அபாயம் உண்டு. தவளையாக்கப்பட்டவர் ஒரு நாள் நிஜமாகவே தவளையாகிவிடுவார். தான் யாரென்று மறந்துவிடும். பயமாக இல்லை? இருக்க வேண்டும். உருமாற்றத்தின் விலை அதுதான்.

கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளோடு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, மாடுகள் சுற்றி நின்று கதறியதைப் பார்த்த சிவயோகியார், இரக்கப்பட்டு அவன் உடம்பில் புகுந்தார். மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால், பத்திரமாக வைத்துவிட்டுப் போன சொந்த உடம்பைக் காணோம். கடைசிவரை இடையன் உடம்பிலேயே திருமூலராக இருந்துவிட்டார் என்கிறது பெரியபுராணம். அட்டமாசித்தி கைவந்தவருக்கே பில் வருகிறது. ட்ரூயிட்டுக்கு மட்டும் எப்படி இலவசம்?

இலவசமாக்கியது மூன்றாம் பதிப்பு. 2000-ல் வந்தது, 2003-ல் திருத்தியது. ஐந்தாம் லெவலில் உருமாற்றம். உடல் பலம், சுறுசுறுப்பு, உடற்கட்டு மூன்றும் மிருகத்தினுடையதாகிவிடும். அறிவும் ஞானமும் சொந்தம். ஆட்டக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். உடம்பு இரவலாக வரப்போகிறது என்றால் சொந்த உடம்புக்கு எதற்குச் செலவு? பாத்திரம் உருவாக்கும்போது எல்லாப் புள்ளியையும் ஞானத்தில் கொட்டிவிட்டு, 8 பலத்தோடு ஒரு நோஞ்சான் பூசாரியை அனுப்புவார்கள். எட்டாம் லெவலில் அவர் பழுப்புக் கரடியானால் பலம் 27. பிறந்ததிலிருந்து உடற்பயிற்சி செய்து 18-ல் ஆரம்பித்த போர்வீரன், மாயப் பொருள் எதுவும் சேர்க்காவிட்டால், அதே எட்டாம் லெவலில் 20-ல் நிற்பான்.

சரி, கரடிக்குக் கை இல்லை, வாய் பேசாது, அதனால் மந்திரம் போட முடியாது என்று ஒரு பலவீனமாவது இருந்ததே? இருந்தது. அதைத் தள்ளுபடி செய்ய ஒரு கூப்பனும் அதே புத்தகத்தில் இருந்தது. 'நேச்சுரல் ஸ்பெல்' என்ற திறமையை ஆறாம் லெவலில் எடுத்துக்கொண்டால் கரடியாக இருந்துகொண்டே மந்திரமும் போடலாம். அதை எடுக்காத ட்ரூயிட் அசடு. எல்லாரும் எடுக்கிற சலுகை சலுகையே இல்லை, அது விதியில் இருக்கிற ஓட்டை. பலவீனத்தை எழுதிவிட்டு, அதை அழிக்க ரப்பரையும் பக்கத்திலேயே வைப்பது என்ன நியாயம்?

பயந்துபோன கம்பெனி நாலாம் பதிப்பில் மறு எல்லைக்கு ஓடியது. 2009-ல் வந்த ட்ரூயிட் எத்தனை தடவை வேண்டுமானாலும் மிருகமாகலாம். ஆனால் எண்கள் எதுவும் மாறாது. சிங்கமானாலும் நரியானாலும் அதே பலம், அதே வேகம், அதே உயரம். மிருக உருவில் மட்டும் செய்யக்கூடிய தாக்குதல்கள் சில உண்டு, அவ்வளவுதான். சமநிலை பிரமாதம். யாரும் யாரையும் மிஞ்சவில்லை. ஆனால் மாறுவேடப் போட்டியில் புலி வேஷம் போட்ட குழந்தை மாதிரி. உறுமும், அம்மாவைத் தேடும்.

இங்கேதான் இந்த விஷயத்தின் உண்மையான கஷ்டம் தெரிகிறது. உருமாற்றத்துக்கு ஆசைப்படுகிறவன் எண்ணுக்கு ஆசைப்படவில்லை. வேறொன்றாக இருந்து பார்க்க ஆசைப்படுகிறான். கழுகு ஆனால் கழுகு மாதிரி இருக்க வேண்டும். எண்ணைப் பறித்தால் ஆசையும் போய்விடுகிறது. எண்ணைக் கொடுத்தால் பக்கத்து நாற்காலிக்காரன் போய்விடுகிறான்.

2023-ல் இது மறுபடி நிரூபணமாயிற்று. விதிகளைப் புதுப்பிக்கும்போது ஒரு சோதனை வடிவத்தை வெளியிட்டார்கள். தனித்தனி மிருகங்கள் வேண்டாம். நில விலங்கு, கடல் விலங்கு, வான் விலங்கு என்று மூன்று அச்சு. கரடியா, ஓநாயா, கழுதையா, எல்லாம் ஒரே நில விலங்கு. கணக்குக்கு வசதி. ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வாபஸ் வாங்கினார்கள். நல்லவேளை. மிருகக்காட்சிசாலைக்குப் போய், கூண்டில் 'நில விலங்கு' என்று பலகை மட்டும் தொங்கினால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்க மாட்டீர்களா?

2024-ல் வந்த புதிய விதி என் கணக்கில் பாஸ். மிருகம் நிஜ மிருகம், அதன் பலமும் வேகமும் கிடைக்கும். ஆனால் உயிர்ப் புள்ளி சொந்தப் புள்ளிதான். மேலே தற்காலிகமாகக் கொஞ்சம் கவசம் மாதிரி சேரும்: லெவல் எவ்வளவோ அவ்வளவு, சந்திர வட்டத்துக்கு அதைப்போல் மூன்று மடங்கு. மூன்றாம் லெவலில் 9 புள்ளி. பழைய 34 எங்கே, இந்த 9 எங்கே! அது தீர்ந்ததும் அடி ஆசாமி மேல். நாற்பத்தாறு வருஷம் சுற்றி, 1978-ல் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். குறை ஒன்று உண்டு: மனசுக்கு இன்னும் விலை வைக்கவில்லை. எத்தனை நாள் ஓநாயாகத் திரிந்தாலும் ட்ரூயிட் அதே ட்ரூயிட்டாகத் திரும்புகிறார்.

மனசுக்கு விலை வைத்தது இன்னொரு ஆட்டம். 'வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்', 1992, ஒயிட் உல்ஃப் கம்பெனி. இதில் எல்லாரும் ஓநாய் மனிதர்கள். மனிதனிலிருந்து ஓநாய் வரை ஐந்து உருவங்கள். நடுவில் இருக்கும் க்ரினோஸ் என்ற யுத்த உருவம் பயங்கரம், எதிரியைக் கிழித்துப்போடும். விலை என்ன? அந்த உருவத்தைப் பார்க்கிற சாதாரண மனிதர்களுக்குப் புத்தி பேதலித்துவிடும், அலறி ஓடுவார்கள். ஆக, ஊர் நடுவில் அதை உபயோகிக்க முடியாது. உள்ளே இருக்கும் ஆவேசம்தான் இவர்களுக்குச் சக்தி தருகிறது. அதே ஆவேசம் எல்லை மீறினால் நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாத வெறி. சக்தியும் பலவீனமும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிய பால். ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் கூடவே வருகிறது.

இந்த ஓநாய்களுக்கு வெள்ளியும் ஆகாது. ஆனால் வெள்ளியை மட்டுமே நம்பி எழுதும் பலவீனம் மட்டம் என்பேன். எதிரி கையில் வெள்ளிக் கத்தி இல்லாத நாளெல்லாம் அந்தப் பலவீனம் தூங்குகிறது. டன்ஜன் மாஸ்டர் மனசு வைத்தால்தான் விழிக்கும். எப்போதும் வெள்ளியோடு எதிரி வந்தால், “என்னை மட்டும் குறிவெச்சு அடிக்கறான்” என்று பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பலவீனம் மாஸ்டரின் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. ஆட்டக்காரனின் கையில் இருக்க வேண்டும். “இப்ப மாறினா என்ன ஆகும்?” என்று அவனே ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தயங்க வேண்டும். அந்த ஒரு நொடித் தயக்கம்தான் சமநிலை. மற்றதெல்லாம் அரித்மெடிக்.

நீங்கள் இப்படி ஓர் ஆட்டம் நடத்துவதாக இருந்தால், உருமாற்ற விதியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: அடி யாருக்கு? மிருகம் என்பது கழற்றி வீசுகிற சட்டை என்றால் பயம் வராது.

இரண்டு: கையில் இருந்த எது போயிற்று? பேச்சு, கை, மந்திரம், மானம், எதாவது ஒன்று போக வேண்டும். அதைப் பின்வாசல் வழியாகத் திருப்பித் தரக் கூடாது.

மூன்று: இந்த உருவம் யாருடைய வேலையைப் பிடுங்குகிறது? வீரனால் பறக்க முடியாது. கழுகு பறந்தால் அவனுக்கு நஷ்டமில்லை, கைதட்டுவான். அடிப்பதும் தாங்குவதும் அவன் பிழைப்பு. கரடி அங்கே வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவான்.

மூன்றாவதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள டிஸ்னியின் 1963 படம் 'தி ஸ்வோர்ட் இன் தி ஸ்டோன்' பாருங்கள். மெர்லினும் சூனியக்காரி மிம்மும் மாறி மாறி மிருகமாகிச் சண்டை போடுவார்கள். கடைசியில் மிம் தான் வைத்த விதியைத் தானே மீறி டிராகனாவாள். மெர்லின் அதைவிடப் பெரிதாக மாறவில்லை. நோய்க்கிருமி ஆகிவிடுவார். டிராகன் ஜுரத்தில் படுத்துவிடும். பெரிய உருவம் ஜெயிப்பது சோம்பேறிக் கற்பனை. சமயத்துக்குப் பொருந்துகிற உருவம் ஜெயிப்பதுதான் உருமாற்றத்தின் ருசி. நல்ல விதி ஆட்டக்காரனைக் கரடியிலேயே குடியிருக்க விடாது. எலியாகவும் யோசிக்க வைக்கும்.

“இவ்வளவும் ஒரு விளையாட்டுக்கா?” என்று கேட்பீர்கள். நாலு பேர் வாரத்தில் ஒரு மத்தியானத்தை ஒதுக்கி, ஒரே மேஜையில், எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்வது இப்போது எத்தனை வீட்டில் நடக்கிறது? அதில் ஒருவனுக்கு 'நான் இங்கே தேவையில்லை' என்று தோன்றிவிட்டால் பாழாவது விளையாட்டு மட்டும் இல்லை. சமநிலை என்பது கரடிக்கும் கோப்ளினுக்கும் நடுவில் இல்லை. இரண்டு நாற்காலிக்கு நடுவில் இருக்கிறது.

அண்ணன் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரூல் புக் மாத்தறது இருக்கட்டும் சித்தப்பா, நான் ஒண்ணு வெச்சிருக்கேன்” என்றான். வீட்டு விதி. மிருகம் பேசக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது அல்லவா? மிருகமாக இருக்கும் வரை அந்த ஆட்டக்காரனும் மேஜையில் பேசக் கூடாது. ஒரு வார்த்தை வாயைத் திறந்தால் உருவம் கலைந்துவிடும். கரடிப் பையன் வாயாடி. அவனுக்கு இதைவிடப் பெரிய பலவீனம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. காயத்துக்கு 2024 விதி.

வீரனைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார்கள். நான் பார்த்த அன்று குகைக்குள் சண்டை. கரடி முன்னால் பாய்ந்தது, நன்றாக அடித்தது, நன்றாக வாங்கவும் செய்தது. பின்னால் இருட்டில் ஏதோ வருவது கரடிக்கு மட்டும் மோப்பத்தில் தெரிந்தது. சொல்ல முடியாது. சொன்னால் கரடி போய்விடும், மிச்சமிருக்கும் நாலு புள்ளியோடு பூசாரி நடுவில் நிற்பார். பையன் கண்ணை உருட்டினான், கையை ஆட்டினான், மூக்கைத் தொட்டுக் காட்டினான். மேஜையில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிர் நாற்காலிக்காரன் மட்டும் சிரிக்காமல் அவன் முகத்தையே பார்த்தான்.

“நான் அவன் முதுகுப் பக்கம் போய் நிக்கறேன்” என்றான் வீரன், “என்னைத் தாண்டி ஒருத்தனும் வரக் கூடாது.”

அவன் செல்போன் எங்கே இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. அவனும் கவனிக்கவில்லை.